படைவீடு

எனக்கு ஐந்து வயதில் மொட்டை போடப் படவேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று வயதிலேயே முடித்திருக்க வேண்டிய வேண்டுதல். அப்பாவுக்கு லீவு கிடைக்காமல் இரண்டு வருடம் தள்ளிப்போயிருந்தது. ஜபல்பூரில் ஏறி, ரயில் மாறிக் காட்பாடி வந்து, வேலூரில் பஸ் பிடித்து, கண்ணமங்கலம் தாண்டிப் போகும் வழியில் ஒரு சிறு கோயிலின் மதிலைப் பார்த்து நான் நின்றுவிட்டேனாம். கீழே செங்காவி, மேலே வெள்ளை, மறுபடி காவி. அப்பாவின் கையை இழுத்து, "அப்பா, யே கௌன்சா யூனிட் ஹை?" என்று கேட்டேனாம். "இன்னாடா சொல்றான் உன் புள்ள?" என்று ஆயா விசாரிக்க, இது எந்த யூனிட் என்று கேட்கிறான் என அப்பா விளக்கியிருக்கிறார். கல்யாணம், கருமாதி எதற்குக் கூடினாலும் இன்றைக்கும் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. நான் அதுவரை பார்த்த உலகத்தில் காவியும் வெள்ளையும் பட்டாளத்தின் நிறங்கள். கண்டோன்மென்டில் ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பளவு உயரத்துக்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்திருக்கும். சாலையோரக் கல், கிணற்றுச் சுவர், கொடிமரத்து மேடை எதையும் விடமாட்டார்கள். கேரு, சூனா என்பது அவர்கள் சொல். பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாள் யூனிட்டே வாளியும் தூரிகையுமாகத் தெருவில் இருக்கும். அசையும் பொருளுக்கு சல்யூட் அடி, அசையாத பொருளுக்குச் சுண்ணாம்பு அடி என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். எல்லாப் பட்டாளத்திலும் சொல்லித் தேய்ந்த நகைச்சுவை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

படவேடு என்ற பெயரே படைவீடு என்பதன் தேய்வு. சம்புவராயர்களின் தலைநகர் அது. படைவீடு என்றால் படை தங்கும் இடம், பாசறை. முருகனுக்கு ஆறு என்று நாம் கணக்குச் சொல்வதும் இதே சொல்லைத்தான். தேவசேனாபதிக்கு ஆறு ஸ்டேஷன். எங்களுக்கு ஐந்து: ஜபல்பூர், பதான்கோட், தேஜ்பூர், ஜோத்பூர், செகந்திராபாத். அப்பா 1977இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். 1983இல் பிறந்த நான் பள்ளியை முடிப்பதற்குள் இந்த ஐந்தும் முடிந்திருந்தன.

ஊர் ஊராகப் போனவர்கள், நண்பர்களை இழந்தவர்கள், வேரற்றவர்கள் என்று எங்களைப் பற்றிப் பேசுவது ஒரு வழக்கம். வடக்கே மதராசி என்றார்கள், ஊரில் இந்திக்காரன் என்றார்கள் என்ற புலம்பலும் உண்டு. அது உண்மைதான், ஆனால் போதுமான அளவு புலம்பியாகிவிட்டது. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நாங்கள் ஊர் மாறவே இல்லை. எங்களை ரயிலில் ஏற்றி, இரண்டு இரவு மூன்று பகல் ஓட்டி, புறப்பட்ட அதே இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அந்த இடத்துக்கு ஒரு கேட் இருக்கும். கேட்டில் ஒரு சென்ட்ரி. உள்ளே மால் ரோடு என்று ஒரு சாலை, அதன் கோடியில் சதர் பஜார். குவார்ட்டர் கார்டில் மணிக்கு மணி வெண்கலத் தட்டில் அடிப்பார்கள். கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் நேரம் தெரியும். சி.எஸ்.டி. கேன்டீன், எம்.ஐ. ரூம் என்கிற மருத்துவ அறை, ஒரே கூரையில் கோயிலும் குருத்வாராவும் மசூதியும் தேவாலயமும் இருக்கும் சர்வ தர்ம ஸ்தலம். மஞ்சள் சுவர்க் குடியிருப்புகள் வரிசை வரிசையாக. ராணுவம் வாடகை வீட்டுக்குப் போவதில்லை, தனக்கென ஊர் கட்டிக்கொள்கிறது. பாரக்பூரில் 1765இல் கும்பினிக்காரர்கள் தொடங்கிய வழக்கம் இது. 2023 ஏப்ரலில் இமாசலத்து யோல் நீக்கப்படும்வரை நாட்டில் 62 கண்டோன்மென்டுகள் இருந்தன. தமிழ்நாட்டில் பரங்கிமலையும் பல்லாவரமும் சேர்ந்து ஒன்று, வெலிங்டன் ஒன்று. அந்தக் கணக்கில் வராத மிலிட்டரி ஸ்டேஷன்கள் வேறு. நான் எதில் போய் இறங்கினாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேன்டீனுக்கு வழி சொல்லியிருப்பேன்.

பள்ளியும் அப்படியே. கேந்திரிய வித்யாலயம் பிறந்ததே எங்களுக்காக. 1963இல் ராணுவ யூனிட்டுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை மத்திய அரசு எடுத்துக்கொண்டு தொடங்கிய ஏற்பாடு. ஐந்தாம் வகுப்பில் பதான்கோட்டில் விட்ட பாடத்தின் மீதியைத் தேஜ்பூரில் படித்தேன். அதே புத்தகம், அதே அட்டை. சிவாஜி, டாகூர், ராமன், அசோகா என்று அதே நான்கு ஹவுஸ். பள்ளிக்கு வெளியே ராவியோ பிரம்மபுத்திராவோ எது ஓடினாலும் காலை வழிபாட்டில் அதே சமஸ்கிருதம். தமிழ் மட்டும் எந்தப் பள்ளியிலும் இல்லை.

தமிழ் எனக்கு இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, அப்பாவின் கடிதங்கள். அவருக்கு இந்தி எழுத வரும், எனக்கு இந்தியில்தான் படிக்க வரும். ஆனால் எட்டாவது படித்த அம்மா கண்டிப்பாக இருந்தார்: "அப்பாவுக்கு எழுதறதுன்னா தமிழ்ல எழுது. இல்லேன்னா எழுதாத." எழுதிப் பழகினேன். மற்றொன்று ஊர்ச் சுவர். கோடை லீவில் வந்தபோது யார் துணையும் இல்லாமல் நானே எழுத்துக் கூட்டி வாசித்த முதல் தமிழ்ச் சொற்றொடர், தார் பூசி எழுதிப் பாதி மங்கிப்போன 'இந்தி ஒழிக'. படித்து முடித்த மகிழ்ச்சியில் ஓடிப்போய் ஆயாவிடம் சொன்னேன். அதையும் இந்தியில்தான் சொன்னேன்.

இடத்துக்கு இடம் மாறியது வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்தான். அதில் அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. குவார்ட்டர்ஸ் சாவி கையில் வந்ததும் கதவைத் திறந்து அறைகளைப் பார்க்கமாட்டார், சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போவார். கறிவேப்பிலை நின்றால் முன்பு இருந்தவர்கள் நம் பக்கத்தார். முருங்கை இருந்தால் இன்னும் விசேஷம். ஜபல்பூரில் இரண்டுமே இருந்தன. யாரோ, எந்த வருடமோ, எங்கிருந்தோ கொண்டுவந்து ஊன்றிய கன்று. நாங்கள் பறித்துத் தின்றோம். தேஜ்பூரில் வெற்றிலைக் கொடி பாக்கு மரத்தில் ஏறிக்கிடந்தது, அது அஸ்ஸாமியர் கைவேலை. பதான்கோட்டில் கடுகும் முள்ளங்கியும். ஜோத்பூரில் மணல். அந்த மணலிலும் அம்மா டால்டா டின்னில் துளசியும், தொட்டி கட்டி ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வைத்தார். துணி துவைத்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றி, இரண்டே முக்கால் வருடத்தில் அது இடுப்பளவு வந்தது. அந்த வாரம்தான் அடுத்த போஸ்டிங் ஆர்டரும் வந்தது. டிரங்குப் பெட்டிகளைக் கட்டும் சத்தத்துக்கு நடுவில், பக்கத்து வீட்டு கடுவாலிப் பெண்ணுக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது தண்ணீர் என்று அம்மா தன் இந்தியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கடுவாலிகள் கறிவேப்பிலையை எதில் போடுவார்கள் என்று நான் கேட்டேன். "அவ போடமாட்டா. அடுத்து வர்றவ போடுவா" என்றார்.

அம்மாவின் இந்தியைப் பற்றி ஒரு வரி. குழாயடியில் கற்றது. ஆண்பால் பெண்பால் கிடையாது. மராத்திக்காரி, டோக்ராக்காரி, ஒரியாக்காரி எல்லோரும் சேர்ந்து இலக்கணத்தை முறித்துச் செய்த மொழி. என் வகுப்பு ஆசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் சண்டையில் அதை வென்றவர் யாரும் இல்லை.

வீடு என்பது எம்.இ.எஸ். என்கிற ராணுவப் பொறியியல் துறையின் சொத்து. நாற்காலி, கட்டில், மேசை எல்லாவற்றிலும் வெள்ளை எழுத்தில் எண் போட்டிருக்கும். எங்களுக்கென்று இருந்தவை கறுப்பு டிரங்குப் பெட்டிகள் ஆறு. அவற்றிலும் எண்தான்: அப்பாவின் ராணுவ எண், ரேங்க், பெயர். நாயக் ஆனபோது பழைய எழுத்தின்மேல் கறுப்படித்து மேலே எழுதினார். ஹவில்தார் ஆனபோது மறுபடி. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அடியிலிருக்கும் லான்ஸ் நாயக் புடைப்பாகத் தெரியும்.

குவார்ட்டர்ஸில் நுழைவதற்கு மார்ச்சிங் இன், விடுவதற்கு மார்ச்சிங் அவுட். காலி செய்யும் நாளில் எம்.இ.எஸ். ஆள் ஒரு பட்டியலோடு வந்து கண்ணாடிச் சில், ஸ்விட்ச், குழாய், தாழ்ப்பாள் எல்லாம் எண்ணுவார். குறைந்தால், உடைந்தால் பேரக் டேமேஜ் என்று அப்பாவின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. முன்பிருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் காலண்டர். சமையலறை வாசற்படிக்கு மேலே ஆணி இருந்தால் முருகனும் அங்கேதான். பதான்கோட்டில் முருகன் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். ஒருமுறை நான் கிரிக்கெட் படம் மாட்ட ஒரு சின்ன ஆணி அடித்துவிட்டேன். மார்ச்சிங் அவுட்டுக்கு முந்தைய இரவு அப்பா பற்பசையை விரலில் எடுத்து அந்த ஓட்டையை அடைத்து, காய்ந்ததும் மேலே சுண்ணாம்பு தடவினார். திட்டவில்லை. எப்படி அடைப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

இந்த ஒரே ஊரில் தெருக்கள் மட்டும் ஒன்றல்ல. அதிகாரிகள் பங்களா ஒரு பக்கம், நடுத்தட்டு ஜே.சி.ஓ. வரிசை இன்னொரு பக்கம், எங்களைப் போன்ற ஓ.ஆர்., அதாவது சிப்பாய் முதல் ஹவில்தார் வரையிலான குடும்பங்களின் லைன் வேறொரு கோடியில். பள்ளியில் எல்லோரும் ஒரே பெஞ்சு. ஜோத்பூரில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் எங்கள் யூனிட் மேஜரின் மகன். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான். இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். தட்டில் கேக்கும் சமோசாவும் வைத்துக்கொண்டு வெள்ளை உடுப்பில் வந்தவர், எங்கள் லைனில் இரண்டு வீடு தள்ளி இருந்த ஆரணிக்காரர். நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். அங்கே சகாயக், அதிகாரியின் ஏவலாள். மற்ற பிள்ளைகளுக்குக் குனிந்த அதே அளவு எனக்கும் குனிந்து, "லீஜியே பாபா" என்றார். தெரிந்தவன் என்ற பாவனையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் லைனில் அவரைப் பார்த்தபோது, "கேக்கு நல்லா இருந்துச்சாடா?" என்று கேட்டார். அவருக்கு அது சகஜம். அடுத்த பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது எனக்குக் காய்ச்சல் என்றேன்.

பீஸ் ஸ்டேஷனில் அப்பா எங்களோடு இருப்பார். ஃபீல்டு என்றால் அவர் மட்டும் போவார். நாங்கள் பிரிந்த குடும்பங்களுக்கென ஒதுக்கிய குவார்ட்டர்ஸில். ஃபீல்டுக்குப் போனவருக்கு ஊரே கிடையாது. யூனிட் பெயர், கீழே கே/ஆஃப் 56 ஏ.பி.ஓ. கிழக்கே என்றால் 99. அந்த எண் வரைபடத்தில் எங்கும் இருக்காது, கடிதம் மட்டும் போய்ச் சேரும். என் தங்கை சின்னவளாக இருந்தபோது யாராவது அப்பா எங்கே என்று கேட்டால், "ஐம்பத்தாறுல இருக்காரு" என்பாள். அவளுக்கு அது காட்பாடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்.

1999 மே மாதம் அப்பா ஐம்பத்தாறில் இருந்தார், நாங்கள் செகந்திராபாத்தில். கார்கில் செய்திகள் வரத் தொடங்கியிருந்தன. லைனில் டிவி இருந்த வீட்டில் பெண்கள் எல்லோரும் கூடுவார்கள். அம்மா மட்டும் போகமாட்டார். திருச்சிக்காரரான மேஜர் சரவணன் மே 29ஆம் தேதி பட்டாலிக்கில் வீழ்ந்ததும், உடலை மீட்க முடியாமல் ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலேயே கிடந்ததும் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தன. அவரும் ராணுவக் குடும்பத்துப் பிள்ளை என்பதை எங்கள் லைனில் ஒருவரும் உரக்கச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எல்லோரும் பயந்த சத்தம் ஒன்றுதான், வேளை கெட்ட வேளையில் லைனுக்குள் திரும்பும் ஜிப்ஸியின் சத்தம். ஒரு மத்தியானம் திரும்பியது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு முகம். வண்டி எங்கள் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "பாபிஜி, தோடா பானி" என்றான். ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். அம்மா ஒரு வாளி கொடுத்தார், இன்னொரு வாளியும் கொடுத்தார், குடிக்க ஒரு சொம்பும் கொடுத்தார். வண்டி போனபிறகு அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தார். பளபளவென்று ஆனபிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெகுகாலம் கழித்து முல்லைப்பாட்டை வாசித்தேன். நப்பூதனாருடையது, 103 அடி, பத்துப்பாட்டில் சிறியது. போருக்குப் போன அரசன், காத்திருக்கும் அரசி என்றுதான் அதைப் பாடம் சொல்வார்கள். நான் வாசித்தது ஒரு கண்டோன்மென்டை. காட்டை வெட்டித் திருத்தி, சுற்றிலும் முள்வேலி இட்டு, தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக வரிசை பிடித்திருக்கின்றன. நாழிகை பார்த்து நேரம் சொல்ல ஆள் இருக்கிறது. யவனர் காவல் இருக்கிறார்கள். யானையைப் பழக்கும் இளைஞர்கள் வடமொழியில் அதட்டுகிறார்கள். தமிழ் அரசனின் பாசறையில் அன்றைக்கே வடக்கத்தி ஆணை! சிரித்துவிட்டேன். ஆனால் என்னை நிறுத்தியது அது இல்லை. அரசிக்காக நற்சொல் கேட்க முதிய பெண்கள் ஊர்ப்புறத்துக்குப் போகிறார்கள். அங்கே சிறு கயிற்றில் கட்டிய ஒரு கன்று, மேய்ச்சலுக்குப் போன தாயைக் காணாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடைப்பெண் அதனிடம், உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்று தேற்றுகிறாள். முதிய பெண்கள் அதை அரசிக்கான நற்சகுனமாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாட்டும் அவர்களோடு போய்விடுகிறது. கன்றை நப்பூதனார் கயிற்றிலேயே விட்டுவிட்டார். அத்தனை பெரிய பாசறையைப் பாடிய பாட்டில் பிள்ளை என்று நான் கண்டது அந்தக் கன்று ஒன்றைத்தான்.

அப்பா 2001இல் பென்ஷனில் வந்தார். 24 வருடம். வயது 43. உண்மையில் எங்கள் இடமாற்றம் அப்போதுதான் நடந்தது. அதற்கு முன்பு நடந்தவை எல்லாம் ரயில் பயணங்கள்.

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற மாவட்டம் எங்களுடையது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் சுற்றிலும் உண்டு. எங்கள் ஊர் அவ்வளவு பேர் வாங்கியதில்லை. அப்பாவோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். ஊரார் மரியாதையாகத்தான் இருந்தார்கள், மிலிட்டரிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கேட் இல்லை. மணி அடிப்பதில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்றார்கள். கண்டோன்மென்டில் ஒருவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்றால் ரேங்க் தெரிந்துவிடும், ஊரிலும் தெருவைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அங்கே நாயக் சுபேதாரானால் வரிசை மாறலாம். இங்கே தெருவுக்குப் பதவி உயர்வு இல்லை. லைனில் ஒரே தட்டில் சாப்பிட்ட மூன்று பேரை, ஊரில் அவரவர் தெருவுக்குப் போய்த்தான் அப்பா பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. மாதம் ஒருமுறை வேலூர் கேன்டீனுக்குப் போகும் நாளில் மட்டும் நால்வரும் ஒன்றாக ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தியில் பேசிக்கொள்வார்கள்.

வங்கி ஒன்றில் காவலர் வேலைக்குப் போனார். திரும்ப ஓர் உடுப்பு, திரும்ப ஒரு துப்பாக்கி. பென்ஷன் பணத்தில் வீடு கட்டினார். கொத்தனார் வாசலைக் கோணலாக வைத்தபோது, நூல் பிடித்து நேராக்கச் சொல்லிச் சண்டை போட்டார். வீட்டைச் சுற்றி எட்டு தென்னை. ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு முன்பு எட்டுக்கும் இடுப்பளவு உயரத்துக்குக் காவியும் சுண்ணாம்பும் அடிப்பார். வழிப்போக்கர் ஒருவர் முதல் வருடம் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப்பார்த்து, என்ன சாமி என்று கேட்டதாக அம்மா சொன்னார்.

அம்மா கொல்லையில் கறிவேப்பிலை வைத்தார். இப்போது அது கூரைக்கு மேலே போய்விட்டது. பறிக்க ஏணி வேண்டும். இவ்வளவு உயரம் போகும் என்று தனக்குத் தெரியாது என்கிறார். இடுப்புக்கு மேல் வளர்ந்த ஒன்றைத் தன் கையால் வைத்து அவர் பார்த்ததில்லை.

போன ஜனவரியில் போயிருந்தபோது கையில் ஒரு காலண்டர் கொண்டுபோனேன். கூடத்தில் மாட்டலாம் என்று சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சுவர், எங்கும் ஒரு கீறல் இல்லை. சுத்தியல் எங்கே என்று கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "எதுக்குடா? அங்க ஒண்ணு இருக்கே" என்றார். நிலைக்குப் பக்கத்தில், வீடு கட்டும்போது கொத்தனார் நூல் கட்ட அடித்துவிட்டுப் போன ஆணி. அதில் ஏற்கெனவே நான்கு காலண்டர்கள் தொங்கின. நகைக்கடை, கூட்டுறவு வங்கி, உரக்கடை, எல்லாவற்றுக்கும் அடியில் 2004. என்னுடையதையும் அதன்மேல் மாட்டினேன்.